எங்கள் பழைய கரவனைக் கடையாக்கித் தந்தவர்களுக்கு

அன்புள்ள அயலவர்களுக்கும் உறவுகளுக்கும்,

இங்கிலாந்தில் ஹல் நகருக்குப் பக்கத்து ஊரான பெவர்லியின் சந்தையில் எங்கள் கடையின் யன்னலைத் திறந்து போன சனிக்கிழமையோடு ஒரு வருடம். அன்றைக்குத் தட்டை வடை மதியம் ஒன்றரைக்கே முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தாச்சியைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான், உங்களில் ஒருவருக்குக்கூட நான் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை என்பது மனதில் தைத்தது. ஆளுக்கொரு பார்சல் வடை தந்ததோடு சரி. அது போதாது. அதனால்தான் இந்த மடல். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மகள் வீடு வீடாக வந்து ஆங்கிலத்தில் சொல்லுவாள்.

ஹல்லில் ஒக்டோபர் மாதம் நடக்கும் பெரிய களியாட்டச் சந்தைக்கு ஒவ்வொரு வருடமும் போவோம். வோல்டன் வீதி நெடுக நிற்கிற சாப்பாட்டு வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம், முதியோர் இல்லக் குசினியில் 11 வருடம் நின்ற எனக்கு ஒரே ஆசை. புதிதாகச் செய்த கடைவண்டி வாங்க எங்களிடம் காசு இல்லை. 900 பவுணுக்கு 1996ஆம் ஆண்டுக் கரவன் ஒன்று, காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற நடமாடும் வீடு, கிடைத்தது. லெஸ்டரில் இருக்கிற அக்காவின் மகனே, நீ போனில் சொன்னபடி கரவனின் 17 இலக்க அடையாள எண் சட்டத்திலும் யன்னல் கண்ணாடிகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் காசைக் கொடுத்தோம். களவுபோன வண்டியாக இருந்தால் என்ன பாடு பட்டிருப்போம்! நன்றி, அப்பன்.

பக்கத்து வீட்டு ஐயா, உங்களுக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

கரவனைக் கொண்டுவந்து உள்ளே வெள்ளை அடித்துவிட்டு, பெருமையாக உங்களைக் கூப்பிட்டுக் காட்டினோம். நீங்கள் சுற்றிப் பார்க்கவில்லை. நேரே முன் யன்னலுக்குக் கீழே போய்ப் பெருவிரலால் சுவரை அமத்தினீர்கள். விரல் உள்ளே போனது. “இனிப் பெயின்ற் அடிக்காதே” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனீர்கள். உங்களுக்குக் கோபமோ என்று நாங்கள் நினைக்க, ஈரம் அளக்கும் கருவியோடு திரும்பி வந்தீர்கள். ஹல், கொட்டிங்கம், பெவர்லிப் பக்கம் கரவன் செய்யும் தொழிலுக்குப் பேர்போனது என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தத் தொழிற்சாலைகளில் 31 வருடம் நின்ற கை உங்களுடையது.

ஈரம் நூற்றுக்குப் பதினைந்துக்குக் கீழே காட்டினால் பயமில்லை, இருபதைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும், முப்பதைத் தாண்டினால் மரம் பழுதாகத் தொடங்கியிருக்கும் என்று சொல்லித் தந்தீர்கள். எங்கள் முன்சுவர் 34 காட்டியது. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் மரச்சட்டமும் வெப்பம் தடுக்கும் நுரைப்பலகையும், உள்ளே ஒட்டுப்பலகை: சுவர் என்றால் அவ்வளவுதான். கூரைத் தகடும் பக்கத் தகடும் சேருகிற மூலையில் பூசியிருக்கும் பசை வருடக்கணக்கில் காய்ந்து வெடிக்கும். அதனூடாக மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பலகையைக் கழற்றியபோது உள்ளே சட்டம் ஊறின ரஸ்க் போல உதிர்ந்தது. விற்றவர் அதற்கு மேலே புதுக் கடதாசி ஒட்டி மறைத்திருந்தார். நான் அழுதுவிட்டேன். நீங்கள் தேநீர் கேட்டீர்கள். குடித்து முடித்ததும், “கீழிருக்கிற இரும்பு நல்ல இரும்பு, கறள் மேலோட்டம்தான், மேலே உள்ளதைத் திரும்பக் கட்டலாம்” என்றீர்கள்.

அதன்பிறகு ஏழு கிழமை. மூலைப் பட்டிகளைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசைநாடா வைத்து, ஒவ்வொரு திருகாணியாகத் திரும்பப் பூட்டினீர்கள். என் கணவர் அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு விற்பனை யன்னலுக்காகப் பக்கச் சுவரை வெட்டப் போன காலையில், வேலிக்கு மேலால் நீங்கள் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. கூரையின் பாரம் அந்தச் சுவரில்தான் நிற்கிறது, உள்ளே அலுமினியச் சட்டம் அடித்துத் தாங்கிய பிறகுதான் தகட்டில் கைவைக்கலாம் என்பதை அன்றைக்குப் படித்தோம். இன்றைக்கு ஆறடி அகலக் கதவை மேலே தூக்கிவிட்டாலும் கூரை ஒரு நூல்கூட இறங்கவில்லை. காசு வாங்க மாட்டேன் என்றீர்கள். உங்கள் மனைவி, எங்களுக்கு அம்மா மாதிரி, யன்னல் திரைகளையும் தைத்துத் தந்தா. உங்கள் இரண்டு பேருக்கும் என்ன சொல்லி எழுதினாலும் எனக்குக் குறைவாகத்தான் தெரிகிறது.

காஸ் வேலை பார்த்த தம்பிக்கு: முதல் நாள் நீங்கள் காஸ் பாதுகாப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னபோது எங்களுக்கு உண்மையில் கோபம் வந்தது. சந்தைக்கு இடம் எடுத்து, நாளும் குறித்தாயிற்று. நீங்களோ பொறுமையாக நிலத்தில் குந்தியிருந்து காட்டினீர்கள். இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் நிலத்தில்தான் தேங்கும். ஆகவே தரையில் துவாரம் வேண்டும், அது பலகையால் அடைபட்டிருக்கிறது என்றீர்கள். கரவனோடு வந்த சின்ன அடுப்பு வீட்டுச் சமையலுக்கானது, நாள் முழுக்க எண்ணெய் கொதிக்கிற கடைக்கு ஆகாது என்றீர்கள். சுடர் அணைந்தால் காஸைத் தானே நிறுத்துகிற கருவி ஒவ்வொரு அடுப்பிலும் இருக்க வேண்டும் என்றீர்கள். நீலச் சிலிண்டரையும் மாற்றச் சொன்னீர்கள். அதிலிருக்கிற பியூட்டேன் உறைகுளிரில் ஆவியாகாது. சிவப்புச் சிலிண்டரில் வருகிற புரொப்பேன் –42 பாகை செல்சியஸ் வரைக்கும் ஆவியாகும். ஜனவரிக் காலையில், பக்கத்துக் கடையில் தண்ணீர்க் குழாய் உறைந்து நிற்க, எங்கள் தாச்சி கொதித்தபோது உங்களைத்தான் நினைத்தேன். மூன்று தரம் வந்து ஒரு தரத்துக்குத்தான் காசு எடுத்தீர்கள். எங்கள் பிள்ளைகளும் அந்த வண்டிக்குள் நின்றுதான் வேலை செய்கிறார்கள், தம்பி. நீங்கள் அன்றைக்கு மறுத்தது அவர்களுக்காக என்று இப்போது விளங்குகிறது.

லொறி ஓட்டுகிற எங்கள் தம்பிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். 2021 டிசம்பரில் சட்டம் மாறிய பிறகு, 1997க்குப் பின்னர் கார் சாரதிப் பத்திரம் எடுத்தவர்களும் தனிப் பரீட்சை இல்லாமல் 3,500 கிலோ வரை இழுத்துப் போகலாம். அத்தானும் அந்தத் துணிவில்தான் கிளம்பினார். நீ பின்னால் காரில் வந்து, வண்டி வாலாட்டுகிறது என்று போன் எடுத்து நிறுத்தினாய். எண்ணெய்ச் சட்டி, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் நாங்கள் பின் மூலையில் வைத்திருந்தோம். காரோடு மாட்டுகிற கொளுவியில் இறங்க வேண்டிய பாரம் மொத்த நிறையில் நூற்றுக்கு 5 முதல் 7 வரை இருக்க வேண்டும் என்று சொல்லி, குளியலறைத் தராசையும் ஒரு மரக்கட்டையையும் வைத்து அளந்து காட்டினாய். பிறகு வாகனங்களை நிறுக்கிற நிறுவைப் பாலத்துக்குக் கூட்டிப்போனாய். ஆகக்கூடிய நிறை என்று கரவனின் தகட்டில் எழுதியிருந்தது 1,200 கிலோ, நின்றது 1,290. பாரமான சாமானை அச்சுக்கு மேலே நகர்த்தினோம். பழைய அலுமாரியும் கட்டில் பலகைகளும் போயின. தண்ணீரைச் சந்தையில் நிரப்பிக்கொள்கிறோம், ஒரு லீட்டர் ஒரு கிலோ அல்லவா. டயரில் 1108 என்ற இலக்கத்தைக் கண்டதும் நீதான். 2008ஆம் ஆண்டின் 11ஆம் கிழமையில் செய்த டயர். பூக்கள் தேயவே இல்லை, ஆனால் ரப்பர் செத்துப்போயிருந்தது. ஹம்பர் பாலத்துக் காற்றில் அது வெடித்திருந்தால் என்று நினைக்கவே எனக்கு உடம்பு நடுங்கும்.

நகரசபையிலிருந்து வந்த அம்மணிக்கும் நன்றி. கடை தொடங்க 28 நாட்களுக்கு முன்னரே பதிந்துவிட்டோம், எல்லாம் சரி என்று நினைத்திருந்தோம். கை கழுவத் தனித்தொட்டி வேண்டும் என்று நீங்கள் சொன்னதை ஏற்பது சுலபமாக இருந்தது. மற்ற விசயம்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. உழுந்து வடைக்குப் பக்கத்தில் ‘கோதுமை இல்லை’ என்று பலகையில் எழுதியிருந்தேன். நான் மா சேர்ப்பதில்லைத்தானே. நீங்கள் பெருங்காய டப்பாவை எடுத்து, பின்பக்கத்தை வாசிக்கச் சொன்னீர்கள். அதில் கோதுமை மா கலந்திருந்தது. முப்பது வருடம் சமைத்தவள், ஒருநாளும் அந்த எழுத்தைப் பார்த்ததில்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாத யாரோ ஒரு பிள்ளை என்னை நம்பிச் சாப்பிட்டிருக்கும். அன்றைக்கே அந்த வரியை அழித்தேன். ஒவ்வாமை உள்ளவர்களுக்காகச் சொல்லியே ஆக வேண்டிய 14 பொருட்களின் பட்டியலை, எங்கள் கடுகும் எள்ளும் உட்பட, யன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். உணவுச் சுகாதாரத்துக்காக எங்களுக்குக் கிடைத்த 5 புள்ளியில் உங்களுக்கும் பங்குண்டு.

மரக்கறிக் கடை அண்ணை, முதல் நாள் மழையில் மின்கம்பி தந்ததற்கும், காற்றுக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்தச் சொல்லித் தந்ததற்கும் நன்றி. பலகையில் ‘வடை’ என்று தமிழில் அழகாக எழுதித் தந்த பிள்ளைகளே, எத்தனை பேர் அதைக் காட்டி இது என்ன எழுத்து என்று கேட்கிறார்கள் தெரியுமா!

அம்மா, நீங்கள் பருத்தித்துறையிலிருந்து போனில், “சூடு முழுக்க ஆறாமல் பைக்குள் போடாதை, நமத்துப்போகும்” என்று சொல்லியிராவிட்டால் இந்த ஈரக் காற்றில் என் தட்டை வடை ஒன்றும் மொறுமொறுவென்று நின்றிருக்காது. அடுத்த தைக்குக் கட்டாயம் வருவோம்.

ஐயா, உங்கள் ஈரக் கருவி இன்னும் எங்கள் வண்டிக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. மாதம் ஒரு தரம் முன்சுவரில் வைத்துப் பார்க்கிறோம். போன மாதம் 12 காட்டியது.

அன்புடன்,
வடைக்கடை அக்காவும் வீட்டாரும்,
ஹல்