அண்ணன் சொன்ன பச்சை: அப்பாவின் வண்டிக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மூடிக்கிடக்கும் அந்த மில் முற்றத்தில் அப்பா கட்டிய கோ-கார்ட், அதாவது சின்னப் பந்தய வண்டி, மறுபடி ஓடியது. நாலு சுற்று. நாலாவது சுற்றில் பெட்ரோல் தீர்ந்து நின்றது, மற்றபடி எந்தக் குறையும் இல்லை. அன்றைக்கு வந்து நின்றவர்கள், வர முடியாமல் போனில் பார்த்தவர்கள், இரண்டும் இல்லாமல் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு போல்ட்டைத் தேடிக் கொடுத்துவிட்டு அதை மறந்தே போனவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். பேரைப் போட்டுடாதீங்க அக்கா என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும்.

வண்டியைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா கோயமுத்தூரில் ஒரு மில்லில் ஃபிட்டர். கார் பந்தயம் என்றால் உயிர். சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்க்க ராத்திரி ரயிலேறிப் போய், திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குத் திரும்பிவிடுவார். 1967 கடைசியில் பழைய பேப்பர் கடையில் அவருக்கு ஓர் ஆங்கிலப் பத்திரிகை கிடைத்தது. அதில் லோட்டஸ் 49 என்ற பந்தயக் காரின் படம். அந்த வருஷம் ஜூன் 4ஆம் தேதி ஹாலந்தின் சான்ட்வோர்ட்டில் முதல்முறையாகக் களமிறங்கி, ஜிம் கிளார்க் ஓட்ட, அன்றைக்கே ஜெயித்த வண்டி அது. சுருட்டு மாதிரி நீளமான உடம்பு, முன்னால் முட்டை வடிவில் ஒரு வாய், ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால் மூடாமல் திறந்தே கிடக்கும் எட்டு சிலிண்டர் காஸ்வர்த் வி8 எஞ்சின், அதன் மேல் காற்று இழுக்க எட்டுக் குழல்கள். அந்தக் காருக்குப் பின்பக்கம் சட்டமே கிடையாது, எஞ்சினே சட்டம், பின்சக்கரங்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். இதை அப்பா எங்களிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு 1968 பொங்கலுக்கு அண்ணனுக்கு வண்டி கட்டிக் கொடுத்தார். அண்ணனுக்கு ஐந்து வயது, எனக்கு ரெண்டு. தண்ணிக்குழாயில் சட்டம், விபத்தில் நொறுங்கிய ஒரு ராஜ்தூத்திலிருந்து எடுத்த ஒற்றை சிலிண்டர் எஞ்சின், ஸ்கூட்டர் சக்கரங்கள். எஞ்சினுக்கு மேலே, வேறு எந்த வேலையும் இல்லாமல், அழகுக்காக மட்டும் எட்டு அலுமினியக் குழல்கள். இதே ஊரில் பந்தய வீரர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டியது இதற்கு இருபது வருஷம் கழித்து. அண்ணனை மடியில் உட்காரவைத்து அப்பா களத்துமேட்டில் ஓட்டுவார், பிறகு என்னை. 1987இல் எஞ்சின் இறுகிப்போனதும் மாட்டுக்கொட்டகைக்குள் போனது, அப்பா போன பிறகும் அங்கேயே கிடந்தது.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் அடிக்கிற பெரியவருக்குத்தான் முதலில். வண்டியின் மூக்கு அலுமினியம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நசுங்கிய அந்த மூக்கைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு மூன்று இடம் போனேன், மூன்று இடத்திலும் தூக்கிப் போட்டுவிட்டு ஃபைபரில் செய்துகொள்ளச் சொன்னார்கள். அவர் மட்டும்தான் நகத்தால் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்து, "இது பித்தளை அம்மிணி" என்றார். அப்புறம் உள்பக்கம் விரலை விட்டுத் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தி என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். இரண்டு பாதிகளைப் பல் பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பற்றவைத்த தடம். குடத்துக்கு வைக்கிற மூட்டுதான் அது, குடம் அடிக்கிற கைதான் இதை அடித்திருக்கிறது என்றார். லோட்டஸ் காரின் மூக்கை ஒரு பாத்திரக்காரர் குடம் மாதிரி அடித்துக் கொடுத்திருக்கிறார்! அப்பா இதை எங்களுக்குச் சொன்னதே இல்லை. யார் அடித்தது என்று இனிமேல் கண்டுபிடிக்க வழியில்லை, அதனால் அந்த முகம் தெரியாத கைக்கும் சேர்த்து நன்றி.

பித்தளையை அடிக்க அடிக்க அது இறுகிவிடும், அப்படியே மேலே அடித்தால் விரிசல் விடும். அதனால் பெரியவர் சூடு காட்டி, இளக்கி, கொஞ்சம் அடித்து, மறுபடி சூடு காட்டி, மூன்று நாள் எடுத்துக்கொண்டார். அப்பா வைத்திருந்த அந்தப் பத்திரிகைப் படத்தை உலைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்து அடித்தார். கூலியைக் கறாராகச் சொல்லி வாங்கிக்கொண்டார், அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஐயா, உங்கள் சுத்தியல் தடத்தைப் பட்டி போட்டு மறைக்க வேண்டாம் என்று பெயிண்டர் தம்பியிடம் சொல்லிவிட்டேன். வெயில் சாய்ந்து விழும்போது அது தெரிகிறது.

அடுத்து அந்த பெயிண்டர் தம்பிக்கு. இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் ரெண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வண்டி சிவப்பு, வெள்ளை, நடுவில் தங்கக் கோடு. அண்ணன் மட்டும் "முதல்ல பச்சையா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். ஐம்பது வருஷமாகச் சொல்கிறான். ஒவ்வொரு தீபாவளிக்கும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவனை மடக்குவோம், வேறு யார் வண்டியையோ பார்த்துவிட்டுக் குழப்பிக்கொள்கிறான் என்று. நான்தான் அதிகம் பேசியவள்.

பேனல்களில் பெயிண்டை மருந்து போட்டு ஒரேயடியாக உரித்துவிடலாம், ஒரு மணி நேர வேலை. தம்பி அப்படிச் செய்யவில்லை. பழைய வண்டியில அடியில என்ன இருக்கும்னு தெரியாதுக்கா என்று சொல்லி, வாட்டர் பேப்பரில் கையாலேயே தேய்த்துக்கொண்டு போனான். ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது: "அக்கா, வேலைய நிறுத்திட்டேன், வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். சிவப்பு, அதன் அடியில் சாம்பல் நிற பிரைமர், அதன் அடியில் ஓர் எட்டணா அளவுக்குக் கரும்பச்சை. பக்கத்தில் ஒரு மஞ்சள் ஓரம். அது கிளார்க் ஓட்டிய லோட்டஸின் நிறம். அவன் பாட்டுக்குத் தேய்த்துவிட்டு மேலே சிவப்பை அடித்துக் கொடுத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு இப்போது நிறைய விஷயம் மறந்துபோகிறது. ஆனால் இதைக் கேட்டதும், "அந்தப் பச்ச வண்டி ஓட்டுனவரு செத்துட்டாருன்னு சேதி வந்தப்ப உங்கப்பா ரெண்டு நாள் சரியாச் சாப்புடல" என்றார். 1968 ஏப்ரல் 7, ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஃபார்முலா 2 பந்தயத்தில் கிளார்க் இறந்துபோனார். அடுத்த மாதமே ஸ்பெயின் பந்தயத்துக்கு லோட்டஸ் சிகரெட் விளம்பர ஒப்பந்தத்தின்படி சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்தில் வந்துவிட்டது. அந்தப் படம் கைக்குக் கிடைத்ததும் அப்பாவும் மாற்றியிருக்கிறார். துக்கத்தில் மாற்றினாரா, படத்தைப் பார்த்து மாற்றினாரா, இரண்டும்தானா, எனக்குத் தெரியவில்லை.

அண்ணா, உன்னிடம் போனில் சொல்லிவிட்டேன், இங்கே எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை சொல்கிறேன். நீ சொன்னதுதான் சரி. உனக்கு நினைவிருந்தது.

எந்த நிறம் அடிப்பது என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. பச்சையும் மஞ்சள் பட்டையும் என்று முடிவானது. உட்காரும் இடத்துக்கு உள்ளே இடது பக்கம் ஓர் உள்ளங்கை அளவுக்குப் பழைய சிவப்பைத் தொடாமல் அப்படியே விட்டிருக்கிறோம், அதுவும் தம்பியின் யோசனைதான்.

கணபதி ஏரியாவில் லேத் வைத்திருக்கும் அண்ணனுக்கு. பின் ஆக்சில் வளைந்து, பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து போயிருந்தது. ஈஎன்8 எஃகுக் கம்பியில் புதிதாகக் கடைந்து, சாவிக்காடி வெட்டி, ரெண்டு பக்கமும் பேரிங்கைத் தாங்கும் பிளம்மர் பிளாக் போட்டுக் கொடுத்தார். அதைவிட முக்கியம் குழல்கள். எட்டில் ஐந்துதான் மிச்சம். மீதி மூன்றையும் அவர் கடைந்தபோது பழைய ஐந்தையும் பக்கத்தில் வரிசையாக வைத்து, ஐந்தும் ஒன்றுபோல இல்லை, இவர் கைக்கணக்கில் கடைந்திருக்கிறார், நானும் அப்படியே கடைகிறேன் என்று சொல்லி, நுணுக்கமாக அளவு பார்க்கிற டயல் கேஜை எடுத்து வைத்துவிட்டார். இப்போது எது பழையது, எது புதியது என்று எனக்கே சட்டென்று சொல்ல வராது.

எஞ்சின் கதை கஷ்டமான கதை. முதலில் கொடுத்த இடத்தில் ஏழு மாதம் கிடந்தது, திரும்பி வந்தபோது கார்ப்பரேட்டர் இல்லை. எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. அதைக் கேள்விப்பட்டு, தான் பத்திரமாக வைத்திருந்த உபரி கார்ப்பரேட்டரைப் பேருந்தில் கொடுத்தனுப்பிய பொள்ளாச்சி தேங்காய் வியாபாரிக்கு என் வணக்கம். உங்களை நான் இன்னும் நேரில் பார்க்கக்கூட இல்லை. சிலிண்டரை மறுபடி கடைகிற ரீபோர் எல்லாம் ஆகியும் எஞ்சின் பிடிக்காமல் இருந்தபோது, கிராங்க் ஆயில் சீலைப் பாருங்க என்று ஒரே வரியில் சொன்ன ஓய்வுபெற்ற மெக்கானிக் மாமாவுக்கும் நன்றி. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறைக்குள்ளும் அழுத்தம் நிற்க வேண்டும், வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் சீல் காய்ந்து காற்று கசிந்துவிடும். மாற்றினோம். நாலாவது கிக்கில் பிடித்தது.

அப்புறம் அந்த இன்ஜினியரிங் மாணவிக்கு. இந்த வண்டி எப்போதுமே திரும்பாது, வளைவில் நேராகவே போகும், சின்ன வயதில் நான் வேலிக்குள்ளேயே விட்டிருக்கிறேன். ஏன் என்று அவள்தான் சொன்னாள். கார்ட்டில் ரெண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது, ரெண்டு பின்சக்கரமும் ஒரே கம்பியில் ஒன்றாகச் சுற்றும், வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், அதனால் உள்பக்கப் பின்சக்கரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டால்தான் வண்டி திரும்பும். அதற்கு, முன்சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின் பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்பா அதை நேராக வைத்து வெல்டு செய்துவிட்டார். வெட்டிச் சரிசெய்யலாமா என்று நான் கேட்டதற்கு, "அது உங்கப்பா வெல்டிங் ஆண்டி, அதை வெட்ட வேண்டாம்" என்று சொல்லிச் சாய்வாகக் கடைந்த வாஷர்களை இடையில் கொடுத்தாள். எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முதல் வளைவில் திருப்பியபோது வண்டி திரும்பியது, அவள் கத்தியது முற்றத்தின் அந்தக் கோடிவரை கேட்டது.

ஆட்டோ ஓட்டும் எதிர்வீட்டுத் தம்பி, ஆட்டோ டயரே இந்தச் சக்கரத்துக்குச் சேரும் என்று சொல்லி நாலையும் மாட்டியும் கொடுத்தான். மில் வாட்ச்மேன் ஐயா முந்தின நாள் சாயங்காலமே முற்றம் முழுக்கக் கூட்டி, ஆணி, கண்ணாடியெல்லாம் பொறுக்கி வைத்திருந்தார், நான் கேட்கவே இல்லை.

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்திருந்தோம். எஞ்சின் சத்தம் வந்ததும் அண்ணனைப் பார்த்து, "பெரியவனே, மெல்லப் போ, களத்துல நெல்லு காயுது" என்றார். ஒருவரும் திருத்தவில்லை. அண்ணன் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு மெதுவாகத்தான் போனான்.

அடுத்த மாதம் ரெண்டாவது ஞாயிறு மறுபடி எடுக்கிறோம், அதே முற்றம், காலை எட்டு மணி. இந்தத் தடவை பொள்ளாச்சி அண்ணன் கட்டாயம் வர வேண்டும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். டேங்க்கை நானே நிரப்பி வைக்கிறேன்.