ஞானப்பல் எடுத்த பிறகு ஓசோன் அவசியமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞானப்பல் அறுவை சிகிச்சைக்குப் பின் கொடுக்கும் ஓசோன் வாயு சிகிச்சை பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வலி இருக்காது, வீக்கம் வராது, புண் சீக்கிரம் ஆறும் என்று நல்லதை மட்டுமே அடுக்கியிருக்கிறீர்கள். இதெல்லாம் எந்த அளவுக்கு நிரூபணமாகியிருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதை நம்பிப் பணம் கட்டப்போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஓசோன் கிருமியைக் கொல்லும், சரி. குடிநீரைச் சுத்திகரிக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். எட்வர்ட் ஃபிஷ் என்ற சுவிட்சர்லாந்து பல் மருத்துவர் 1930களிலேயே அதைக் கையாண்டிருக்கிறார். ஆனால் கிருமியைக் கொல்வது வேறு, பல் எடுத்த குழியைச் சீக்கிரம் ஆற்றுவது வேறு. ஞானப்பல் எடுத்தவர்களிடம் துருக்கி மருத்துவர்கள் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஓசோனால் வலி குறைந்தது; வீக்கத்திலும் வாய் திறக்கும் அளவிலும் வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் விதி இன்னும் கடுமையானது. ஓசோன் ஒரு நச்சு வாயு, மருத்துவத்தில் அதற்குப் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்றே அதில் எழுதியிருக்கிறது. மூச்சில் போனால் நுரையீரலை உறுத்தும் வாயு இது. ஆஸ்துமா உள்ளவர்களுக்காகவாவது அதை நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

என் மகளுக்குக் கீழ்த்தாடையில் படுத்துக் கிடந்த ஞானப்பல்லை எடுத்தபோது ஓசோனும் வைத்தார்கள். ஈறுக்குப் பக்கத்தில் பிடித்த கண்ணாடிக் குழாய் ஊதா நிறத்தில் ஒளிர்ந்தது. ஜெராக்ஸ் கடையில் வருமே, அந்த மாதிரி ஒரு வாடை. வைக்கலாமா என்று முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. பில்லில் தனி வரியாக வந்தபோதுதான் அதற்குத் தனிக் கட்டணம் என்று தெரிந்தது. அதைவிட வருத்தம், வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்று கொடுத்த சீட்டு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. வாயைத் திறந்து யாரும் விளக்கவும் இல்லை. பஞ்சை எடுத்ததுமே அவள் வாஷ்பேசினில் நின்று துப்பித் துப்பிக் கொப்பளித்தாள். மூன்றாம் நாள் காது வரை இழுக்கிற வலி. போய்க் காட்டினால், 'டிரை சாக்கெட்' என்றார்கள். துப்பியதால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் துப்பக் கூடாது என்று தமிழில் சொல்ல அரை நிமிடம் போதுமே.

பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து நிற்க வேண்டும். அந்தக் கட்டிதான் எலும்பை மூடிக் காக்கிறது. அது கரைந்தோ பெயர்ந்தோ போனால் வருவதுதான் இந்த டிரை சாக்கெட். அதனால்தான் முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, சில நாளைக்கு பீடி, சிகரெட், புகையிலை பக்கமே போகக் கூடாது என்கிறார்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்திருந்து, துப்பாமல் மெதுவாக வழிய விடலாம். கிருமியைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் மருந்து டிரை சாக்கெட் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை சொல்கிறது. வலிக்கு இபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்து நன்றாகக் கேட்கும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு போன்றவை உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய செலவும் இல்லை. இவை ஒன்றுகூட உங்கள் கட்டுரையில் இல்லையே!

ஓசோனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வலி கொஞ்சம் குறையலாம், வீக்கத்துக்கு உத்தரவாதம் இல்லை, விருப்பம் இருந்தால் மட்டும், இவ்வளவு கட்டணம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு வைக்கட்டும். ஓசோன் வைத்தாயிற்றே என்ற தைரியத்தில் மற்ற கவனிப்பைக் கோட்டை விடுகிறவர்கள் நிறைய பேர் இருப்பார்கள்.

அடுத்த இதழிலாவது, பல் எடுத்தபின் வீட்டில் கவனிக்க வேண்டியவற்றைப் பெரிய எழுத்தில், வெட்டி வைத்துக்கொள்ளும்படி ஒரு பக்கம் போடுங்கள். காய்ச்சல், மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறும் வீக்கம், விழுங்க முடியாமை, நிற்காத ரத்தம், மறுநாளும் மரத்தே இருக்கும் உதடு ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்