அண்ணனின் பட்டினியும் சுரைக்காய்ச் சாறும்

திருப்பாதிரிப்புலியூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள வசந்தாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாதது தப்புதான், நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். புஷ்பா டீச்சருக்கு வலது கண் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் கல்யாணம் ஐப்பசியில். மற்றதெல்லாம் பிறகு.

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. திங்கட்கிழமையிலிருந்து அண்ணன் ஏழு நாள் பட்டினியாம், காலையில் வெறும் சுரைக்காய்ச் சாறாம், சர்க்கரை மாத்திரைக்கு முழுக்காம். நீயும் "சரி, செய்யட்டுமே" என்கிறாய். ஏண்டி, கல்லூரியில் ஹாஸ்டல் வார்டனையே எதிர்த்து நின்றவள் நீ, இவரிடம் மட்டும் வாய் அடைத்துப் போகிறதா? போனில் சொன்னால் அவர் காதில் ஏறாது. எழுத்தில் இருந்தால் இரண்டு தடவை படிப்பார். இதை அவரிடமே கொடு.

முதலில் மாத்திரை. அவர் போடுவதில் கிளிமிபிரைடு இருக்கிறது என்றாய். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை அது. அதைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும்: வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், மயங்கி விழலாம். போடாமல் விட்டால் சத்தமில்லாமல் ஏறும். இரண்டு பக்கமும் அடி. பட்டினி இருக்கலாமா, இருந்தால் எந்த மாத்திரை எவ்வளவு என்பதை மருந்து எழுதிய டாக்டர்தான் சொல்ல வேண்டும். இப்போதே வியர்வையும் நடுக்கமும் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, கால் மணி நேரத்தில் மறுபடி சோதித்துப் பார். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

அடுத்தது சுரைக்காய். நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல். லேசாகக் கசந்தால்கூட முழுக் காயையும் குப்பையில் போடு. குக்கர்பிட்டாசின் என்ற நஞ்சுதான் அந்தக் கசப்பு. கொதிக்க வைத்தாலும் போகாது. கசந்த சாற்றைக் குடித்து ரத்தவாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் நம் நாட்டிலேயே உண்டு. புதினா, இஞ்சி, எலுமிச்சை எல்லாம் போட்டு அடித்துவிட்டால் கசப்பு நாக்குக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் மிக்ஸியில் போடுவதற்கு முன்பே ருசி பார்க்க வேண்டும்.

இதை எழுதுவதால் நான் இயற்கை மருத்துவத்துக்கு எதிரி என்று அண்ணன் நினைத்தால் எனக்குத் தாங்காது. நான் முழுசாக நம்புகிற வழி அது. சர்க்கரைக்கு ஒரு சாறு, மூட்டுவலிக்கு ஒரு சாறு என்று போவதில்தான் எனக்குச் சண்டை. மாத்திரை இருந்த இடத்தில் சாற்றை வைத்தால் அது எப்படி வேறு வைத்தியம் ஆகும்? ஐரோப்பாவில் சிலேசியா மலைக்கிராமத்து விவசாயி பிரீஸ்னிட்ஸ், 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளிர்ந்த நீரும் ஈரத்துணியும் எளிய சாப்பாடும் உடல் உழைப்பும் கொண்டுதான் வைத்தியம் செய்தார். பிறகு ஜெர்மனியின் பவேரியாவில் நைப் பாதிரியார், லைப்சிக்கில் லூயி கூனே. உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது இவர்கள் எல்லோருக்கும் பொது. கூனே ஒரு படி மேலே போய் எல்லா நோய்க்கும் காரணம் ஒன்றே என்றார். அது தப்பு. இன்சுலின் குறைவதும் கிருமி தொற்றுவதும் ஒன்றாகுமா? அவர் சொன்ன இடுப்புக் குளியலை எடுத்துக்கொள்வேன், அந்தக் கொள்கையை விட்டுவிடுவேன்.

காந்தியும் கூனேயைப் படித்தவர்தான். 1946-ல் புனே பக்கம் உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ நிலையமே தொடங்கினார். அதே காந்தி, 1924-ல் எரவாடா சிறையில் குடல்வால் அழற்சி வந்தபோது சசூன் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தார். அண்ணனுக்குக் காந்தி என்றால் உயிர் ஆயிற்றே, இந்த வரியை அடிக்கோடு போட்டுக் காட்டு. வடலூரில் 1867-ல் அடுப்பு மூட்டிய வள்ளலாரும் பசியைப் பிணி என்றுதான் சொன்னார்.

இன்னொன்று. பட்டினியில் வாந்தியும் மயக்கமும் வந்தால் "கழிவு வெளியேறுகிறது" என்று சிலர் தேற்றுவார்கள். சர்க்கரைக்காரர் விஷயத்தில் அந்தப் பேச்சை நம்பி உட்கார்ந்திருக்காதே.

அவருக்குக் கை சும்மா இருக்காது. அதனால் வயிற்றுக்கு ஈரப்பட்டி போட்டுவிடு, மலச்சிக்கலுக்கும் தூக்கத்துக்கும் நல்லது. பழைய பருத்தி வேட்டியை ஒரு சாண் அகலத்துக்கு மடித்து, பானைத் தண்ணீரில் நனைத்து, சொட்டு விழாதபடி பிழி. வெறும் வயிற்றில், இல்லாவிட்டால் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, தொப்புளைச் சுற்றிக் கட்டு. அதன் மேல் கம்பளித் துணியை ஈரம் எட்டிப் பார்க்காதபடி இறுக்கமாகச் சுற்று. முதலில் சில்லென்று ரத்தக் குழாய் சுருங்கும், பிறகு விரிந்து ரத்தம் ஓடி வரும், பட்டி வெதுவெதுப்பாகும். அந்தச் சூடுதான் பலன். கம்பளி தளர்ந்து காற்று உள்ளே போனாலோ, துணி சொதசொதவென்று இருந்தாலோ அந்தச் சூடு வராது, நடுக்கம்தான் வரும். பத்து நிமிடத்தில் சூடு பிறக்கவில்லை என்றால் அவிழ்த்துத் துடைத்துவிடு. பிறந்தால் முக்கால் மணி நேரம் இருக்கட்டும். கால் மரத்துப்போகிறது என்றாயே, சுடுநீரில் கால் வைக்கும் சிகிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம். கொப்புளம் போட்டாலும் அவருக்குத் தெரியாது.

சாப்பாடு சுருக்கமாக: ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள். சோற்றுக்கு முன்னால் ஒரு கிண்ணம் வெள்ளரி. தட்டில் பாதி காய். கேழ்வரகைக் கூழாகக் குழைக்காமல் அடையாகத் தட்டு. பழம் இயற்கைதானே என்று பண்ருட்டிப் பலாவை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார விடாதே. தேனும் கருப்பட்டியும் சர்க்கரைதான்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் லாசுப்பேட்டை வருகிறேன். கம்பளி என்னிடம் இருக்கிறது, நீ வாங்காதே. அண்ணனின் மாத்திரை அட்டையையும் கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளையும் எடுத்து வை. டாக்டரிடம் மூன்று பேருமாகப் போவோம்.

உன்,
மல்லிகா