ரெண்டு ஓட்டை பூட்ஸ்

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க? ஆம்பூர்ல வெயில் மண்டையப் பொளக்குதாமே. பாப்பாவுக்கு அட்மிஷன் கெடச்சுதா இல்லியா, அதச் சொல்லவே இல்ல நீ. இங்க இங்கிலாந்துல, லெஸ்டர்ல மழை விட்டபாடில்ல.

ஒண்ணு சொல்றேன், சிரிக்கக்கூடாது. போன மாசம் ஒரு செகண்ட் ஹேண்ட் கடைல கிளார்க்ஸ் கம்பெனி டெசர்ட் பூட்ஸ் வாங்கிட்டேன், மணல் கலர் ஸ்வேட் (அதான், சொரசொரன்னு மெத்துன்னு இருக்கற தோலு), கணுக்கால் ஒசரம், பக்கத்துக்கு ரெண்டே ஓட்டை, அடில கிரேப்னு சொல்ற சுருக்கம் விழுந்த ரப்பர். வீட்ல "இந்த வயசுல இதெல்லாம் தேவையா"ன்னு ஒரே நக்கல்.

இதோட கதைய நோண்டிப் படிச்சேன்டா. நேதன் கிளார்க்னு அந்தக் கம்பெனிக் குடும்பத்து ஆளு, 1941ல பட்டாளத்துல பர்மாவுக்குப் போனவன், எகிப்துப் பக்கமிருந்து வந்த ஆபீசருங்க கால்ல இதப் பாத்திருக்கான், கெய்ரோ பஜார்ல தச்சதாம். வீட்டுக் கம்பெனில காட்டுனா இதெல்லாம் விக்காதுன்னுட்டாங்க. அப்புறம் 1949ல சிகாகோ ஷூ கண்காட்சில ஒரு பேஷன் எடிட்டர் கண்ணுல பட்டுதான் பொழச்சிருக்கு.

அறுபதுகள்ல இங்க மாட்ஸ்னு ஒரு செட்டு. நல்லா தச்ச சூட்டு, அது மேல தலைக்கு மூடி வச்ச மிலிட்டரி பார்கா கோட்டு, ஸ்கூட்டர், கால்ல இது. 1964ல பிரைட்டன் பீச்ல ராக்கர்ஸ்னு பைக்ல சுத்தற எதிர் செட்டுப் பசங்களோட அடிச்சுக்கிட்டு பேப்பர்லயெல்லாம் நாறிப்போச்சு. எனக்கு என்ன தோணுதுன்னா, கட்டாய பட்டாள சேவைக்கு ஆள் எடுக்கறத 1960லயே நிறுத்திட்டாங்க, அப்பன் வேற வழியில்லாம மாட்டுன பட்டாளத்துத் துணிய பையன் காசு குடுத்து வாங்கி ஸ்டைலா போட்டிருக்கான், செம கூத்துல்ல?

ஆனா ஜமைக்காதான் மாப்ள டாப்பு. அங்க ரூட் பாய்ஸ்னு சொல்ற ரவுடிப் பசங்க பேரோடயே இது ஒட்டிக்கிச்சு. டான்ஸ் நடக்கற எடத்துல போலீஸ் புகுந்து, கிளார்க்ஸ் போட்டிருக்கவன மட்டும் தனியா நிறுத்துவாங்கன்னு அங்க கதையே இருக்கு. ஷூவே சாட்சி! தூசி பட்டா தட்ட டூத் பிரஷ் வேற வச்சிருப்பாங்களாம். நானும் பழைய பிரஷ் ஒண்ண எடுத்து வச்சேன், பொண்டாட்டி அதுல சீப்பு கழுவிட்டா.

சரி, மேட்டருக்கு வரேன். வலது பூட்ஸ் மூக்குல டீ கொட்டிடுச்சு, எட்டணா சைசுக்குக் கறை, தேச்சா ஸ்வேட் வழவழன்னு ஆயிடுது. கிரேப் சோலும் ஓரமெல்லாம் கன்னங்கரேல்னு இருக்கு. உங்க பேக்டரில பினிஷிங் பாக்கற அண்ணன்கிட்ட இதுக்கு என்ன பண்ணணும்னு கேட்டு ஒரு வாய்ஸ் நோட் போடுடா. அதுவரைக்கும் கை வைக்க மாட்டேன்.

அம்மாவ கேட்டேன்னு சொல்லு.

உன்
குமாரு