மாசி வீதியில் ஓடும் சித்திரைத் தேர்

தங்கம்,

நேற்று போனில் குட்டிக்கு நீ அழகர் கதை சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு அண்ணன் தங்கக் குதிரையில் கிளம்பி வந்தார், வைகையில் இறங்கும்போதே தாலி கட்டியாச்சு என்று தெரிந்தது, கோபத்தில் ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் போய்விட்டார் என்று. தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்றைக்கு, சர்க்கரைச் செம்பில் சூடம் எரிய எரிய, என் தோளில் உட்கார்ந்து நீ கேட்ட அதே கதை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் அந்தக் கதைக்கு முந்தைய கதையை நான் உனக்குச் சொல்லவே இல்லை.

மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றி நீ சைக்கிள் ஓட்டிய தெருக்களை நினைத்துப்பார். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, எல்லாம் மாசத்துப் பெயர். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியும் சுவாமியும் தேரில் வருவது எந்த வீதியில்? மாசி வீதியில். இவ்வளவு காலம் அங்கே நின்று தேர் பார்த்தும் ஏன் அப்படி என்று நாம் கேட்டதில்லை பார். மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாசத்தில் நடந்தன. விழா சித்திரைக்கு வந்துவிட்டது, தெரு தன் பெயரை விடவில்லை.

அழகரும் அப்போது மதுரைக்கு வரவில்லை. சித்ரா பௌர்ணமிக்கு அழகர்மலையிலிருந்து இறங்கி, சோழவந்தான் பக்கம் இருக்கிற தேனூருக்குப் போய் அங்கேதான் வைகையில் இறங்குவார். அவர் வந்த காரியமே வேறு. துர்வாசர் வந்ததைக் கவனிக்காமல் தவத்தில் இருந்த சுதபஸ் முனிவர், அவர் சாபத்தால் தவளையாகிவிட்டார். அவருக்கு விமோசனம் கொடுக்கத்தான் அழகர் வந்தார். மண்டூக முனிவர் என்பது அவரைத்தான். கல்யாணமும் இல்லை, கோபமும் இல்லை.

இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தவர் திருமலை நாயக்கர், 1623 முதல் 1659 வரை ஆண்டவர். கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்தார், அழகரை மதுரைக்கு வரவைத்தார். பெரிய தேர்களை இழுக்க ஆள் போதவில்லை, அழகரைப் பார்க்க வரும் கிராமத்து ஜனம் வந்தால் தேரும் நகரும் என்பதால் செய்தார் என்பார்கள். சைவத்தையும் வைணவத்தையும் சேர்த்துவைக்க என்றும் சொல்வார்கள். எனக்கு இரண்டுமே நம்பும்படிதான் இருக்கிறது. மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வருகிற சம்சாரியையும் டவுன்காரரையும் ஒரே ஆற்றில் நிறுத்திய வேலை சின்ன வேலையா?

ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விழா வந்ததும் ஜனங்களுக்குக் கேள்வி வந்திருக்கும். அண்ணன் இவ்வளவு தூரம் வருகிறார், தங்கச்சி கல்யாணமோ முடிந்துவிட்டது, ஏன்? அதற்கு அவர்களே சொல்லிக்கொண்ட பதில்தான் நீ குட்டிக்குச் சொன்ன கதை என்று நான் நினைக்கிறேன். நம் வீடுகளில் தாய்மாமன் லேட்டாக வந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள் கட்டிய கதை. அதனால் அதைப் பொய் என்று மட்டும் குட்டியிடம் சொல்லிவிடாதே அம்மா.

தவளை முனிவரையும் யாரும் கைவிடவில்லை. ஆற்றில் இறங்கிய மறுநாள், வண்டியூர்ப் பக்கம் வைகைக்குள் இருக்கிற மண்டபத்தில் அழகர் கருட வாகனத்தில் வந்து அவருக்கு விமோசனம் கொடுக்கிறார், இன்றைக்கும். அந்த மண்டபத்துக்குப் பெயர் தேனூர் மண்டபம். ஊரை விட்டு விழா வந்தபோது ஊர்ப் பெயரையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள். இதை முதலில் அறிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சித்திரைக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுச் சொல். ஆற்றில் இறங்குவதைப் பார்க்கிற கூட்டத்தில் குட்டியைக் கொண்டுபோக எனக்குப் பயம், அதை டிவியில் பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் வெயிலுக்கு முன்னாடியே கிளம்பித் தேனூர் மண்டபத்துக்குப் போவோம். தொப்பி எடுத்து வா, அவனுக்குத் தோள் நான் தருகிறேன்.

அப்பா