மயங்கி விழுந்தவரைத் தூக்கி இருத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைகளில் விளையாட்டுப் போட்டிகள் முடியும் முன்னரே வெயில் ஏறிவிட்டது. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் வரும். பிறகு வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், அதோடு வறண்ட கச்சான் காற்று. இந்த மாதங்களில் சனம் கூடுகிற இடத்தில் யாராவது மயங்கி விழாத நாள் குறைவு. விழுவதைத் தடுப்பது ஒருபுறம் இருக்கட்டும், விழுந்தவருக்கு நாங்கள் செய்கிற வேலை சரியில்லை.

அண்மையில் பேத்தியின் பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் போயிருந்தேன். அணிநடை முடிந்து பிள்ளைகள் மைதான நடுவில் அசையாமல் நிற்கிறார்கள். பிரதம விருந்தினர் பந்தலுக்குள் நின்று பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். ஒரு பிள்ளை முகம் வெளிறிச் சாய்ந்து விழுந்தாள். ஓடிவந்தவர்கள் கக்கத்தில் பிடித்துத் தூக்கி, பிளாஸ்டிக் கதிரையில் நிமிர்த்தி இருத்தினார்கள். தலை தொங்கியது, கைகால் இரண்டு மூன்று தரம் வெட்டி இழுத்தது. உடனே "வலிப்பு!" என்று ஒருவர் திறப்புக் கோர்வையைக் கைக்குள் திணித்தார். இன்னொருவர் வாயில் சோடா ஊற்றப் போனார். சண்டை பிடித்துத்தான் அவளை நிழலில் நிலத்தில் கிடத்தினேன். கால்களைத் தூக்கி அதே கதிரையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "போட்டி முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

அது வலிப்பு இல்லை. மூளைக்கு இரத்தம் போதாமல் போனால் மயங்கியவருக்கும் சில விநாடி கைகால் இழுக்கும். நிமிர்த்திப் பிடித்தால் மூளைக்கு இரத்தம் திரும்புவது இன்னும் பிந்தும்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் இருக்கிறது. படுத்திருந்தவர் எழும்பி நின்றால் அதில் அரை லீற்றருக்குக் குறையாமல் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்து நாடியில் உள்ள நரம்பு நுனிகள் இதை உணர்ந்து, இதயத்தை வேகமாக அடிக்கவைத்து, இரத்தக் குழாய்களை இறுக்கிச் சமாளிக்கும். நடந்தால் கெண்டைக்கால் தசையும் நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளும், உள்ளேயுள்ள வால்வுகள் அதைத் திரும்ப இறங்க விடாது. அசையாமல் நின்றால் இந்தப் பிழிதல் நின்றுபோகும்.

வெயில் இதோடு சேரும்போதுதான் வில்லங்கம். சூட்டை வெளியேற்ற உடம்பு தோலுக்கு இரத்தத்தைத் திருப்பிவிடும். சாதாரண நேரத்தில் தோலுக்குப் போவது நிமிடத்துக்கு அரை லீற்றருக்கும் குறைவு. கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லீற்றர் வரை போகலாம். வியர்வையிலும் நீர் போய்விடுகிறது. மேல் வாய்க்கால்களையெல்லாம் திறந்துவிட்டால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது என்பதை இரணைமடுக் கமக்காரருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நிற்கிற மனிதருக்கு மூளைதான் அந்தக் கடைசி வயல்.

நம்பாதவர்கள் கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள், புறங்கை நாளங்கள் புடைத்து நிற்கும். தலைக்கு மேல் தூக்கினால் வற்றிவிடும். மத்தியான வெயிலில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

விழுவது உடம்பு தானாகவே செய்கிற வைத்தியம். தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. நாங்கள் ஓடிப்போய் அதைக் கெடுக்கிறோம். படுக்கவிட்டு, காலை உயர்த்தி, இறுக்கமான கழுத்துப் பட்டியைத் தளர்த்திக் காற்றுப்பட விட்டால் போதும். நன்றாக நினைவு வந்த பிறகுதான் குடிக்கக் கொடுக்கலாம். எழும்பும்போதும் முதலில் இருக்கவைத்து, பிறகு மெல்ல நிற்கவிட வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணியை மட்டும் மல்லாக்கக் கிடத்தக்கூடாது. வயிற்றின் பாரம் பெருநாளத்தை அழுத்தும், இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவிடுங்கள்.

வற்றாப்பளைக்குப் போகும் வயதானவர்களை நினைத்தால் எனக்குப் பயம்தான். பிறசர் குளிசை, சலம் போகவைக்கும் குளிசை போடுகிறவர்கள் அடுப்படியில் குந்தியிருந்து பொங்கிவிட்டுச் சடாரென்று எழும்புவார்கள். கண் இருட்டினால் மானத்தைப் பார்க்காமல் அங்கேயே இருந்துவிட வேண்டும். அதற்காகக் குளிசையைத் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம், கிளினிக்கில் கேளுங்கள்.

அதிபர்மாருக்கு ஒரு வேண்டுகோள். பேச்சு வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைகளை மரநிழலில் இருத்திவிட்டுப் பேச விடுங்கள். நின்றுதான் ஆகவேண்டும் என்றால் குதிக்காலைத் தூக்கித் தூக்கி வைக்கவும், காலை மாற்றி நிற்கவும் விடுங்கள். வரிசை கொஞ்சம் ஆடினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். படுக்கவிட்டும் ஓரிரு நிமிடத்தில் தெளியாவிட்டால், அல்லது உடம்பு நெருப்பாய்க் கொதித்து ஆள் சம்பந்தமில்லாமல் பேசினால், அது வெறும் மயக்கமல்ல. உடல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பத் தாக்கமாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். அது வந்து சேரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
புதுக்குடியிருப்பு