மன்னிப்பு என்னும் கடன் கணக்கு: கையேட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

கிறிஸ்தவ மன்னிப்பும் பொறுமையும் வலிமையா பலவீனமா என்று கேட்கும் எட்டுப் பாடக் கையேடு அச்சுக்குப் போய்விட்டது. முதல் வரைவில் 'வலிமைதான்' என்று தொடக்கத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதற்கு ஒத்துவரும் வசனங்களை மட்டும் அடுக்கியிருந்தோம். அதை அப்படியே போக விடாதவர்களுக்கு இந்த மடல். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், செய்த வேலையைச் சொல்லியே நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி கணக்காளருக்கு. மத்தேயு 18-இல் இயேசு சொல்லும் உவமையில், பதினாயிரம் தாலந்து கடன் தள்ளுபடியான ஊழியன், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். அந்த நூறைச் 'சில்லறைக் கடன்' என்று எழுதியிருந்தோம். ஒரு தாலந்து 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டுக் காட்டி, 'நூறு நாள் கூலி சில்லறையா?' என்று ஓரத்தில் கேட்டிருந்தார். பெரிய கடன் ஆறு கோடி நாள் கூலி. சின்னக் கடனும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. ஆக, உனக்கு நேர்ந்தது அற்பம் என்று உவமை சொல்லவில்லை. அது உண்மையான இழப்புதான், ஆனாலும் விடு என்கிறது.

கிரேக்கத்தில் மன்னிப்பதற்கும் கடனைத் தள்ளுவதற்கும் ஒரே வினைச்சொல் வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டு அவர் வகுத்துத் தந்த மூன்று நிபந்தனைகள்தாம் இப்போது கையேட்டின் முதுகெலும்பு. தொகை இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். கடன் நம் ஏட்டில் இருக்க வேண்டும். வசூலிக்கும் வழியும் நம் கையில் இருக்க வேண்டும். தொகையைப் பார்க்காமல் 'பரவாயில்லை' என்பது ஏட்டை மூடிவைப்பது மட்டுமே; உள்ளே வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அடுத்தவர் ஏட்டில் உள்ளதைத் தள்ளுபடி செய்ய போதகருக்கும் உரிமையில்லை, பெற்றோருக்கும் உரிமையில்லை.

மூன்றாவது நிபந்தனையைக் கூர்மையாக்கியவர் தத்துவ ஆசிரியர். கிறிஸ்தவ அறத்தைச் சாடிய ஜெர்மன் தத்துவஞானி நீட்சேயை இரண்டு வரியில் மறுத்துவிட்டு நகர்ந்திருந்தோம். 1887-இல் அவர் வைத்த குற்றச்சாட்டை முழுப் பலத்தோடு எழுதச் சொன்னார்: பழிவாங்க இயலாதவன் தன் இயலாமைக்கு 'மன்னிப்பு' என்று பெயர் சூட்டிக்கொள்கிறான். எழுதிப் பார்த்ததும் தெரிந்தது, பல இடங்களில் இது உண்மை. பயத்தால் வாய் மூடியவரைப் பொறுமைசாலி என்று பாராட்டுவது பொய். ஆகவே யோசேப்பைத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. எகிப்தின் தானியக் களஞ்சியமே அவன் கையில். தன்னை அடிமையாக விற்ற சகோதரர்களைச் சிறையிலும் வைத்துப் பார்த்தான். பென்யமீனுக்குப் பதிலாக யூதா தன்னையே அடிமையாகத் தர முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினான். நீட்சேயின் வாதம் இங்கே ஒட்டாது.

கிரேக்க ஆசிரியர் எங்களிடமிருந்து ஒன்றைப் பறித்தார், ஒன்றைத் தந்தார். 'சாந்தகுணம்' என்றால் பயிற்சி பெற்ற போர்க்குதிரை என்று மேடைகளில் ஓயாமல் கேட்கிறோமே, அதை அந்தச் சொல்லின் பொருளாக்க ஆதாரம் போதாது என்று அடித்துவிட்டார். பதிலாக அரிஸ்டாட்டில் அதே குணத்தை எங்கே வைக்கிறார் என்று காட்டினார்: கோபம் மிஞ்சுவதற்கும் கோபமே வராததற்கும் நடுவில். கோபப்பட வேண்டியதற்குக் கோபப்படாதவனை அவர் மூடன் என்றே கருதுகிறார்.

மறு கன்னத்தைக் காட்டும் வசனத்தில் 'வலது' என்ற சொல்லைக் கவனிக்கச் சொன்னவரும் அவரே. எதிரே நிற்கும் வலக்கைக்காரன் வலது கன்னத்தில் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் முடியும். யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா உள்ளங்கை அறைக்கு 200 சூஸ் (வெள்ளிக் காசு) தண்டம் விதிக்கிறது, புறங்கை அறைக்கு 400. வலியைவிட அவமானத்துக்கு விலை அதிகம். அந்த அவமதிப்புக்குப் பதிலடியும் தராமல், சுருண்டு ஓடவும் செய்யாமல் நிற்பதைப் பற்றிய வசனம் இது. ஆனால் எதையும் கேட்காமல் நிற்பது என்று பொருளல்ல. பிரதான ஆசாரியன் முன் சேவகன் அறைந்தபோது, தவறாகப் பேசியிருந்தால் அதை நிரூபி, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று இயேசுவே கேட்டார். பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடிபட்ட பவுல், ரகசியமாக விடுதலையாக மறுத்து, அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துப் போகட்டும் என்றார்.

வரலாற்று ஆசிரியருக்கு: பொறுமை பிறவிக் குணமல்ல, ஒத்திகை பார்த்து வருவது என்று அமெரிக்காவின் நாஷ்வில் நகர மாணவர்களைக் கொண்டு விளக்கியதற்கு நன்றி. மெதடிஸ்ட் ஊழியரான ஜேம்ஸ் லாசன் 1959-இல் அங்கே ஒரு தேவாலயத்தில் பட்டறைகள் நடத்தினார். பாதிப் பேர் தாக்குவோராக நடித்துத் திட்டுவார்கள், முகத்தில் புகை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துப் போடுவார்கள். மீதிப் பேர் தலையை எப்படி மூடுவது, உடலை எப்படிச் சுருட்டுவது என்று பழகுவார்கள். 1960 பிப்ரவரியில் வெள்ளையருக்கு மட்டுமான உணவக மேசைகளில் உட்கார்ந்தார்கள்; மே மாதம் நகர மையத்து மேசைகள் கறுப்பினத்தவருக்குத் திறந்தன.

மனநல ஆலோசகருக்கு எங்கள் கடன் பெரிது. மத்தேயு 18-இன் மூன்று படிகளை (முதலில் தனியே பேசு, பிறகு ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, பிறகு சபைக்குச் சொல்) எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே மருந்தாக எழுதியிருந்தோம். அடிக்கிற கணவனிடம் மனைவியைத் தனியே போய்ப் பேசச் சொல்வது முதல் படியா, மறுபடி அடி வாங்கும் வழியா என்று கேட்டார். இப்போது ஆறாம் பாடம் பாதுகாப்பிலிருந்து தொடங்குகிறது: முதலில் விலகி இரு; குற்றமென்றால் காவல்துறைக்குப் போ; மன்னிப்பைப் பிறகு பேசலாம், அவசரமில்லை. இதற்குத் தாவீதையே சாட்சியாக எடுத்துக் கொடுத்தார். தன்னைக் கொல்லத் தேடிய சவுல் அரசனை இரண்டு முறை உயிரோடு விட்டவன், இரண்டாம் முறை மிகுந்த தூரம் தள்ளி நின்றுதான் கூப்பிட்டான். 'திரும்பி வா' என்று சவுல் அழைத்தும் போகவில்லை. தான் எடுத்துவந்த சவுலின் ஈட்டியைக்கூட ஒரு ஆளை அனுப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னான்.

சமரசப் பேச்சு நடத்துபவர், படிகள் எங்கே சறுக்கும் என்று சொன்னார். பெரும்பாலும் இரண்டாம் படியில்: கூட்டிப் போகிறவர்கள் நம் கட்சிக்காரர்களாக இருந்தால் அது சாட்சியல்ல, முற்றுகை. 'மனம் புண்பட்டிருந்தால்' என்ற 'இருந்தால்' வரும் மன்னிப்புக் கோரிக்கையை ஏற்க வேண்டாம் என்பதும் அவர் குறிப்புதான். மோசடி செய்ததை 'நாலத்தனையாக' (நான்கு மடங்காக) திருப்பித் தருவேன் என்று வரி வசூலிப்பவனான சகேயு எண்ணைச் சொன்னான். ஒப்புக்கொண்ட மோசடிக்குத் திருச்சட்டம் கேட்டது முதலும் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே.

வழக்கறிஞர் இரண்டு நிகழ்வுகளைச் சேர்த்தார். 1981 மே 13-இல் சுடப்பட்ட போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் நான்காம் நாளே மன்னிப்பை அறிவித்தார். 1983 டிசம்பரில் சிறைக்குப் போய்ச் சந்தித்தார். சுட்டவனோ இத்தாலியச் சிறையிலிருந்து வெளிவந்தது 2000-இல்தான். மன்னித்தவர் தன் ஏட்டைத்தான் கிழித்தார், நீதிமன்றத்தின் ஏட்டையல்ல.

மற்றது, நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்க உண்மை, நல்லிணக்க ஆணையம். அங்கே பொதுமன்னிப்புக்கு முக்கியமாகத் தேவைப்பட்டவை முழு உண்மையும் அரசியல் நோக்கமும். வருத்தம் தெரிவிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் 849 மட்டுமே ஏற்கப்பட்டன. எங்கள் கடனை அரசு எப்படித் தள்ளலாம் என்று காவலில் கொல்லப்பட்ட போராளி ஸ்டீவ் பிக்கோவின் குடும்பம் உட்பட சிலர் 1996-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். கணக்காளரின் இரண்டாம் நிபந்தனைப்படி அவர்கள் கேட்டது சரியான கேள்வி.

தட்டச்சு, மெய்ப்பு, அட்டை, காகிதம் பார்த்துக்கொண்டவர்களுக்கும் நன்றி.

கடைசியாக, இவ்வளவுக்குப் பிறகும் 'இது பலவீனம்தான்' என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பிய வாசகருக்கு. அந்தத் தென்னாப்பிரிக்க வழக்கையே எடுத்து எங்களை மடக்கியிருக்கிறார். அந்த மூன்று பக்கங்களும் வெட்டாமல் பின்னிணைப்பில் வருகின்றன. பதில் நாங்கள் எழுதவில்லை. படிப்பவர்கள் எழுதிக்கொள்ள எதிர்ப்பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்